கரண்டை பார்சலில் அனுப்ப முடியுமா, சார்?

வெயில் காலத்தில் டில்லியில் தமிழர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் கரண்டில்தான் வந்து நிற்கும். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்குகிறவர்களும் சரி, இட்லி வண்டியைச் சுற்றி நிற்கிறவர்களும் சரி, மெகாவாட் கணக்கை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பேசுவார்கள். 2024 ஜூன் 19-ந் தேதி டில்லியின் மின்சாரத் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத அளவு. அதே ஆண்டு மே 2-ந் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட் ஆயிற்று. "நம்ம ஊர் ஸ்கோர் இருபதாயிரம் சார், டில்லி பாதி கூட இல்லை" என்று அன்று மார்தட்டிக் கொண்டவர்கள் உண்டு. ஸ்கோர் ஏற ஏற பில்லும் ஏறும் என்பதை அவர்களுக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் சர்வீஸில் பழுத்த குமாஸ்தாக்கள் இந்த ஸ்கோருக்கெல்லாம் மசிவதில்லை. "கரண்டைப் பற்றிப் பேசணும்னா 2012-ஐப் பத்திப் பேசுங்க" என்பார்கள். அந்த ஆண்டு டில்லித் தமிழர்களின் வாயில் புழங்கிய வேடிக்கைப் பேச்சை இன்று நினைத்துப் பார்த்தால், சிரிப்போடு வேறொன்றும் தெரிகிறது. இன்ஜினீயர்களும் மந்திரிகளும் பக்கம் பக்கமாக எழுதிய விஷயத்தை, பார்சல் ஆபீஸ் கவுண்டரில் நின்றவர்கள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் இருட்டு

2012 ஜூலை 30, திங்கட்கிழமை. விடியற்காலை இரண்டரை மணி இருக்கும். டில்லியில் மின்விசிறிகள் நின்றன. டில்லியில் கரண்டு போவது புதிதா என்ன? எல்லோரும் புரண்டு படுத்து, விசிறிமட்டையைத் தேடினார்கள். பொழுது விடிந்த பிறகுதான், போனது ஒரு காலனிக்கோ ஒரு பேட்டைக்கோ மட்டும் அல்ல, வட இந்தியா முழுவதற்குமே என்று தெரிந்தது. மெட்ரோ ஓடவில்லை. மின்சார ரயில்கள் நின்ற இடத்தில் நின்றன. அன்று எப்படியோ சரி செய்தார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்கு மறுபடியும் போயிற்று. இந்தத் தடவை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து இருண்டன. அறுபது கோடிப் பேருக்கு மேல் வாழும் பிரதேசம் அது. உலகத்தில் அதற்கு முன் அத்தனை பேரை ஒரே நேரத்தில் இருட்டில் தள்ளிய மின்தடை கிடையாது. சுமார் முந்நூறு ரயில்கள் வழியில் சிக்கின. மெட்ரோவில் சுரங்கத்தில் நின்ற வண்டிகளிலிருந்து ஜனங்களை இறக்கி நடத்திக் கூட்டி வந்தார்கள். மேற்கு வங்கத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் லிப்ட் நின்று போய், சுமார் இருநூறு தொழிலாளர்கள் பூமிக்கடியில் மாட்டிக் கொண்டு, நல்லவேளையாக உயிரோடு மேலே வந்தார்கள். அன்றைய வேடிக்கைப் பேச்சில் இந்த ஒரு செய்திக்கு மட்டும் யாரும் ஜோக் அடிக்கவில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையே மத்திய மந்திரிசபையில் இலாகா மாற்றம் நடந்தது. மின்சார மந்திரியாக இருந்த சுஷில்குமார் ஷிண்டே உள்துறை மந்திரியானார். மாற்றம் முன்பே முடிவானதாக இருக்கலாம். குமாஸ்தாக்களுக்கு அதெல்லாம் கணக்கில்லை. "நானும் பதினெட்டு வருஷமா எல்.டி.சி.யாவே இருக்கேன். நாளைக்கு செக்‌ஷன் பியூஸைப் பிடுங்கிப் பார்க்கிறேன், யு.டி.சி. ஆக்கறாங்களான்னு" என்று ஆரம்பித்தது ஒரு பேச்சு. அது எந்த ஆபீஸில் பிறந்தது என்று தெரியாது. சாயங்காலத்துக்குள் கரோல்பாக் வரை போய்விட்டது.

இட்லி வண்டிக்காரர்களின் பாடுதான் அன்று திண்டாட்டம். ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் கிரைண்டரில் அப்படியே நின்றன. டில்லி வெயிலில் ஊறின உளுந்து எத்தனை நேரம் தாங்கும்? "ஆட்டுக்கல்லை ஊர்ல விட்டுட்டு வந்தது தப்பாப் போச்சு அண்ணே" என்று சொல்லிக்கொண்டே பாதி மாவை வழித்தெடுத்தவர்கள் உண்டு. மறுநாள் பல வண்டிகள் வரவில்லை. வண்டி வராத நாளில் கூலியும் இல்லை.

ஊரிலிருந்து வந்த போன்

அந்த இரண்டு நாளும் ஊரிலிருந்து போன் மேல் போன். "ஏம்ப்பா, அங்கே கரண்டே இல்லையாமே, எப்படிடா இருக்கே?" என்று பெற்றவர்கள் பதறினார்கள். தெற்கே அந்த மின்தடை தொடவில்லை. ஆனால் அந்த விசாரிப்பில் ஒரு வேடிக்கை இருந்தது. விசாரித்தவர்களுக்கே பல நாள் கரண்டு கிடையாது!

தமிழ்நாட்டில் மின்வெட்டு 2008-லேயே தலைகாட்டியது. ஆட்சி மாறியது, வெட்டு மாறவில்லை, வளர்ந்தது. 2012-ல் சென்னைக்கு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால், மற்ற மாவட்டங்களில் பத்து மணி, பன்னிரண்டு மணி என்று போயிற்று. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அடித்ததால் காற்றாலைகள் சுழன்று கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. ஐப்பசியில் காற்று நின்றதும் பதினான்கு மணி நேரம் கூடப் போன ஊர்கள் இருந்தன. சுமார் நாலாயிரம் மெகாவாட் பற்றாக்குறை என்று மாநில அரசே சொன்னது.

அரசு 2011 செப்டம்பரில்தான் இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. "மூணும் வந்துடுச்சு. நாலாவதா கரண்டையும் ரேஷன் கார்டுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தா தேவலை" என்ற பேச்சு தமிழ்நாடெங்கும் அடிபட்டது. லீவில் போய் வந்தவர்கள் அதை டில்லிக்கும் கொண்டு வந்தார்கள். வேறொன்றும் கொண்டு வந்தார்கள்: "எங்க ஊர்ல இப்ப கரண்டு போச்சுன்னு யாரும் சொல்றதில்லை. வந்தா மட்டும்தான் சொல்றாங்க. கரண்டு வந்துடுச்சுன்னு கத்தினதும் தெருவே மாவரைக்க ஓடுது."

சிரிப்புக்குப் பின்னால் கணக்கு இருந்தது. கோவையிலும் திருப்பூரிலும் சின்னப் பட்டறைகளும் விசைத்தறிகளும் நின்றன. நாள்கூலிக்கு வேலை செய்தவர்களுக்கு அரை நாள் கூலி ஆயிற்று. கிரைண்டருக்குப் பேர்போனதே கோவைதான். டில்லியில் மாவரைக்கக் கரண்டு இல்லாதது இரண்டு நாள். கோவையில் அந்தக் கிரைண்டரைச் செய்யக் கரண்டு இல்லாதது மாதக்கணக்கில். ஆனால் டில்லி இரண்டு நாள் இருண்டதை உலகப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. தமிழ்நாட்டுக் கிராமம் ஆண்டு முழுவதும் இருண்டதை அவை அப்படிப் போடவில்லை. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை மெழுகுவர்த்தியில் படித்தது என்று வீட்டிலிருந்து சேதி வர, பண்டிகைக்கு ஒதுக்கிய பணத்தை இன்வெர்ட்டர் வாங்க ஊருக்கு அனுப்பியவர்கள் டில்லியில் எத்தனையோ பேர். அந்த இன்வெர்ட்டருக்கும் சார்ஜ் ஏறக் கரண்டு வேண்டுமே என்பது அடுத்த போனில் தெரிந்தது.

1,721 மெகாவாட்

இந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. டில்லியிடம் மின்சாரம் மிச்சம் இருக்கிறதாம்!

நம்ப முடியாத செய்தி, ஆனால் உண்மை. டில்லிக்கு மின்சாரம் அதிகம் வேண்டியது கோடையில். குளிர்காலத்தில் தேவை பாதியளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் மின் நிலையங்களோடு போட்ட ஒப்பந்தம் வருஷம் பூராவுக்கும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரு தொகை கட்டியே ஆக வேண்டும், காலியாகக் கிடக்கிற வீட்டுக்கு வாடகை கொடுப்பது போல. ஆகவே டில்லி 1,721 மெகாவாட்டை வேண்டாம் என்று ஒப்படைக்க முன்வந்தது. தமிழ்நாட்டில் காற்று நிற்பதும் டில்லியில் குளிர் தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே சமயம். இவர்களுக்கு மிச்சம் ஆகிறபோது அவர்களுக்குப் பஞ்சம். இதைவிடப் பொருத்தம் ஜாதகத்தில் கூடக் கிடைக்காது.

அதை அப்படியே தமிழ்நாட்டுக்குத் தாருங்கள் என்று முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமர் மன்மோகன் சிங்குக்கு எழுதினார். மாநில அரசு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. மத்திய அரசின் பதில், வடக்கே இருந்து அவ்வளவு மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோகக் கம்பியில் இடமில்லை என்பதாக இருந்தது.

கொடுக்க ஆள் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, வழிதான் இல்லை. டில்லித் தமிழனுக்கு இது பழக்கமான நிலைமை அல்லவா? ஊறுகாயும் முறுக்கும் அங்கே இருக்கும், சாப்பிட ஆள் இங்கே இருப்பான், யாராவது டிரெயினில் வந்தால்தான் உண்டு. ஆகவே கேள்வி தானாகப் பிறந்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சாமான் புக் பண்ண வந்தவர்கள் பார்சல் ஆபீஸில் தமிழ் முகத்தைக் கண்டால் கேட்டார்கள்: "இந்தக் கரண்டையும் பார்சல்ல அனுப்ப முடியுமா, சார்? எஸ்.எல்.ஆர். பெட்டியில நாலு டன் போகுமே!"

பார்சல் குமாஸ்தாக்கள் லேசுப்பட்டவர்களா? "எடை இல்லாத சரக்குக்கு எந்த ரேட்டுய்யா போடறது?" என்றார் ஒருவர். அவருக்கு அடுத்த மேஜையில் இருந்தவர் சொன்ன பதில்தான் சரியான பதில்: "ரேட் இருக்கட்டும். மீன், பூ, வெற்றிலை மாதிரி இது கெட்டுப் போகிற சரக்கு. அதுக்காவது ஒரு நாள் தவணை உண்டு. இது உண்டான நொடியிலேயே கெட்டுப் போகும். யார் பொறுப்பு?"

மின்சாரத்தின் முழு சாஸ்திரமும் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. நெல்லைப் போல் குதிரில் கொட்டி வைக்க முடியாது. பாட்டரிகளில் கொஞ்சம் சேமிக்கலாமே தவிர, அந்த நாளில் ஒரு ராஜ்யத்துக்குத் தேவையான அளவைச் சேமித்து வைக்க வழியில்லை. நெய்வேலியில் உற்பத்தி ஆகிற அதே நொடியில் எங்கோ ஒரு மின்விசிறி அதைச் செலவழிக்க வேண்டும். உற்பத்தியும் செலவும் சமமாக இருந்தால் மின்னோட்டம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும். செலவு மிஞ்சினால் துடிப்பு தளரும், உற்பத்தி மிஞ்சினால் துடிப்பு விரையும். இரண்டுமே ஆபத்து.

எழும்பூரும் சென்ட்ரலும்

வழி இல்லை என்றது எப்படி? கம்பியே கிடையாதா? கிடையாது என்பதில்லை. இது ரயில்வேக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ அந்தக் காலத்தில் டில்லிக்கு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மீட்டர் கேஜ் வண்டியில் எழும்பூரில் வந்து இறங்கி, டிரங்குப் பெட்டியையும் படுக்கையையும் ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு சென்ட்ரலுக்குப் போய், பிராட் கேஜ் வண்டியைப் பிடிக்க வேண்டும். இரண்டும் தண்டவாளம்தான், இரண்டிலும் ரயில்தான் ஓடுகிறது. ஆனால் இதில் ஓடுவது அதில் ஓடாது.

2012-ல் இந்திய மின்சாரம் இப்படித்தான் இருந்தது. வடக்கு, கிழக்கு, மேற்கு, வடகிழக்கு எல்லாம் ஒரே துடிப்பில் சேர்ந்து ஓடின. தெற்கு மட்டும் தனித் துடிப்பு, தனி கேஜ். இடையில் மூன்று நான்கு இடங்களில் சரக்கை இறக்கி ஏற்றுகிற யார்டு மாதிரி ஏற்பாடு. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு ஒரு பாதை. மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் பக்கம் ஒன்று, விசாகப்பட்டினத்தருகே காஜுவாக்காவில் ஒன்று. அந்த இடங்களில் மாறு மின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாக்கி, மறுபடி மாறு மின்னோட்டமாக்கி அனுப்ப வேண்டும். யார்டில் கூலியாட்கள் எத்தனை மூட்டை தூக்குவார்களோ அத்தனைதான் போகும். அந்த இடமும் முன்பே புக் ஆகிவிட்டிருந்தது. டில்லியின் 1,721 மெகாவாட் வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்றது.

இதிலேயே ஒரு விசித்திரம். ஜூலை 31-ல் தெற்கைக் காப்பாற்றியதும் இந்தத் தனி கேஜ்தான். ஒரே துடிப்பில் இணைந்திருந்தவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சாய, தெற்கு ஒதுங்கி நின்று தப்பியது. "ஒதுங்கி இருந்ததால ஒரு நாள் தப்பிச்சோம், மீதி முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் மாட்டிக்கிட்டோம்" என்று கணக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு லீப் வருஷம், கணக்கு சரிதான்.

வடக்கு சாய்ந்த கதையும் டில்லித் தமிழனுக்குப் பழகின வழியில்தான் நடந்தது. ஊருக்குப் போகும்போது குவாலியர், ஜான்ஸி தாண்டி பீனா ஜங்ஷன் வருமே, அந்த பீனாவிலிருந்து குவாலியர் வழியாக ஆக்ராவுக்கு வரும் 400 கிலோவோல்ட் கம்பியில்தான் முதல் கோளாறு. இரட்டைக் கம்பியில் ஒன்றை, 765 கிலோவோல்ட்டாக உயர்த்தும் வேலைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். டபுள் லைனில் ஒன்றை மூடிவிட்டு எல்லா வண்டியையும் ஒரே லைனில் விட்ட கதை. மழை பொய்த்த வருஷம், வயல்களில் பம்புசெட் ஓயாமல் ஓடியது. வட மாநிலங்கள் சில தங்கள் பங்குக்கு மேல் இழுத்தன. குறையுங்கள் என்று கட்டுப்பாட்டு மையத்திலிருந்து சொல்லியும் போதிய அளவு குறைக்கவில்லை என்று விசாரணைக் குழு பிறகு எழுதியது. பந்தியில் பாயசம் தீரும் என்று தெரிந்தும் இரண்டு தரம் வாங்குகிறவர்கள் எல்லா ராஜ்யத்திலும் உண்டு.

2013 டிசம்பர் 31-ந் தேதி கேஜ் மாற்றம் நடந்தது. கர்நாடகத்தின் ராய்ச்சூருக்கும் மகாராஷ்டிரத்தின் ஷோலாப்பூருக்கும் நடுவே 765 கிலோவோல்ட் கம்பி இணைக்கப்பட்டது. தெற்கும் மற்றவற்றோடு ஒரே துடிப்பில் சேர்ந்தது. பம்பாய் மெயிலில் போனவர்களுக்கு இரண்டு ஊரும் தெரிந்தவை. அங்கே ரயில் எத்தனையோ காலமாக இணைந்தேதான் ஓடுகிறது. முதலில் சன்னமாகத்தான் மின்சாரம் போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் கூடங்குளம் முதல் யூனிட்டும் மின்சாரம் தரத் தொடங்கியிருந்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் ஊரிலிருந்து வரும் போன்களில் கரண்டுப் பேச்சு குறைந்து, வழக்கமான பணப்பேச்சு திரும்பி வந்தது. 2021-ல் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கத்துப் புகளூருக்கு 6,000 மெகாவாட் தாங்கும் நேர் மின்னோட்டப் பாதை முழுமையாயிற்று. காகித ஆலைக்குப் பேர்போன புகளூர் மின்சார ஜங்ஷனும் ஆகிவிட்டது. காற்று அடிக்கிற மாதங்களில் நம் காற்றாலை மின்சாரம் வடக்கேயும் வருகிறது. "ஆடி மாசத்துல டில்லியில ஓடற பேன்ல கொஞ்சம் முப்பந்தல் காத்தும் இருக்கு" என்று இப்போது சொல்லிக் கொள்ளலாம். புளுகு என்று யாரும் நிரூபிக்க முடியாது.

கத்வாரியா சராயில்

நாடு முழுவதும் அந்தத் துடிப்பு நொடிக்கு ஐம்பதாக இருக்கிறதா என்று இரவும் பகலும் பார்த்துக் கொண்டிருக்கும் தேசியக் கட்டுப்பாட்டு மையம் டில்லியில் கத்வாரியா சராயில் இருக்கிறது. முனிர்காவிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் இருக்கிற தமிழர்களுக்கு அது பக்கத்துப் பேட்டை. 2012-ல் அந்த வழியாக பஸ்ஸில் போனவர்கள் பலருக்கு, இங்கிருந்துதான் அது நடக்கிறது என்று தெரியாது.

அதே கத்வாரியா சராயின் சந்துகளிலும் முனிர்காவின் சந்துகளிலும் ஒற்றை அறைகளில் குடியிருக்கிறவர்களிடம் இன்று கேட்டால் புது ஜோக் சொல்கிறார்கள். 2019 ஆகஸ்டில் டில்லி அரசு மாதம் 200 யூனிட் வரை கட்டணம் கிடையாது என்று அறிவித்தது. அடுத்த மாதமே, வாடகைக்காரர்களும் தனி மீட்டர் போட்டுக் கொள்ளலாம் என்று வழி செய்தது. அதற்கு வாடகைப் பத்திரம் வேண்டும். பத்திரம் எழுத வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். பல வீட்டுக்காரர்கள் ரூமுக்கு ரூம் தங்கள் சப்-மீட்டரை மாட்டி, யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வாங்கிக் கொள்கிறார்கள்.

"சத்தீஸ்கர்லேருந்து புகளூருக்கு ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல கம்பி இழுத்துட்டாங்க, தம்பி" என்றார் முனிர்காவில் ஒரு மாடி அறையில் பத்து வருஷமாகக் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளி ஒருவர். "கீழ் வீட்டு மீட்டர்லேருந்து என் ரூமுக்குப் பதினஞ்சு அடி. அதுக்குத்தான் இன்னும் யாரும் டெண்டர் விடலை."

அவர் அறையில் மேஜை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் கிளம்பியதும் அதை அணைத்துவிட்டார்.